துல்லியம் என்ற சொல்லும் தோட்டத்து மானியும்

அறிவியல் பொருள்களைத் தமிழில் எழுதுவோர் தயக்கமின்றி எடுத்தாளும் சொற்களுள் 'துல்லியம்' ஒன்று. ஆய்வுக்கூடத்திற்கோ தொழிற்சாலைக்கோ அளவைக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதப்புகுவோர், 'துல்லியமான கருவியையே வாங்குதல் வேண்டும்' என்று அறிவுரை கூறுவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆனால், அவ்வறிவுரையைக் கைக்கொண்டு கடைக்குச் செல்பவர் எதைக் கேட்டு வாங்குவார்? எதை வேண்டாம் என்று விலக்குவார்? மூன்று வேறு பண்புகளை ஒரே பெயரால் அழைத்துவிட்டு, அவற்றுள் எது வேண்டும் என்று கூறாமல் விடுவதால் அச்சொல் அவருக்கு வழிகாட்டாமற் போகிறது. இதனை வெறும் சொற்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தொழிலாளியின் கூலி வரை சென்று தொடும் குறை இது.

சொல்லின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வடமொழியில் 'துலா' என்பது தராசு. அதனோடு உறவுடைய 'துல்ய' என்பதற்கு ஒத்தது, சமமானது என்பது பொருள். தராசின் இரு தட்டும் ஒத்து நிற்கும் நிலையே அச்சொல்லின் வேர். தமிழுக்கு வந்த பின் அதன் பொருள் விரிந்தது. இன்று பந்து வீச்சும் துல்லியம், ஒளிப்படமும் துல்லியம், கடிகாரமும் துல்லியம். பேச்சு வழக்கில் இதனால் தீங்கில்லை. அளவைத் துறைக்குள் அதே தளர்ச்சியோடு நுழையும்போதே தீங்கு விளைகிறது.

ஒரு பள்ளியில் இரு தராசுகள் உள்ளன எனக் கொள்வோம். ஐயத்திற்கிடமற்ற 1,000 கிராம் படிக்கல் ஒன்றை ஒவ்வொன்றிலும் மும்முறை வைத்துப் பார்க்கிறோம். முதல் தராசு 1,020, 1,021, 1,020 என்று காட்டுகிறது. இரண்டாவது 990, 1,010, 1,000 என்று காட்டுகிறது. இவற்றுள் எது துல்லியமானது? முதலாவது சொன்ன சொல் மாறாதது. ஆனால் சொல்வது உண்மையன்று. இரண்டாவது சராசரியில் உண்மையை ஒட்டி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறது. இனி, மின்னணுத் தராசு ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்தால் அது 1,013.47 என்று காட்டினாலும் காட்டும். கடைசி இலக்கம் வரை கண்ணைப் பறிக்கும்படி ஒளிரும். அதனால் நாம் அறிவது எண் எவ்வளவு சிறு கூறாக்கப்பட்டுள்ளது என்பது மட்டுமே.

முதல் தராசின் பிழையை அறிந்துவிட்டால், அவ்வெடையை ஒட்டிய பொருள்களுக்கு 20 கிராமைக் கழித்துக்கொண்டு அதனை நம்பிப் பயன்படுத்தலாம். இரண்டாம் தராசில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. பலமுறை நிறுத்துச் சராசரி காண்பதே வழி. மூன்றாவதன் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பிழை மூன்று வகை, மருந்தும் மூன்று வகை. 'மூன்றும் துல்லியக் குறைவு' என்று முடித்துவிட்டால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது எப்படி விளங்கும்?

ஆங்கிலத்தார் அக்யுரசி, பிரிசிஷன், ரெசல்யூஷன் என்று இவற்றைப் பிரித்து வழங்குவர். தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளி இயற்பியல் முன்னிரண்டையும் துல்லியத்தன்மை, நுட்பம் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. பிரிக்க வேண்டும் என்று உணர்ந்தது பாராட்டத்தக்கது. தேர்ந்த சொற்களே ஆராயத்தக்கன. 'நுட்பம்' என்றவுடன் தமிழறிந்தவர் மனத்தில் எழுவது நுண்மை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காட்டும் திருகு அளவியை 'நுட்பமானது' என்று மாணவன் சொன்னால் அவன்மீது பிழையில்லை. ஆனால் கலைச்சொல்லின்படி அவன் சொன்னது வேறாகிவிடுகிறது, அக்கருவி ஒரே பொருளை மீண்டும் மீண்டும் அளந்தால் ஒரே அளவைத் தரும் என்று! அச்சொல்லின் இயல்பான பொருள் அதற்குத் தரப்பட்ட பொருளோடு ஓயாது போரிடுகிறது.

ஊருக்கு ஊர் சொல் வேறுபடுவதை யாம் குறை கூறவில்லை. தமிழ்நாட்டார் மீச்சிற்றளவு என்பதை ஈழத்தார் இழிவெண்ணிக்கை என்பர். சுழிப்பிழை அங்கே பூச்சிய வழு. திருகு அளவி அங்கே நுண்மானித் திருகுக்கணிச்சி. ஒரு சொல் ஒரு பொருளையே சுட்டுமாயின், அது எவ்வூர்ச் சொல்லாயினும் மாணவன் வழுக்கி விழமாட்டான். எம் கருத்தில், உண்மைக்கு அண்மையில் நிற்பதை மெய்ம்மை என்றும், மீண்டும் அளக்கும்போது ஒன்றையே சொல்வதை மாறாமை என்றும், சிறு வேறுபாட்டையும் பிரித்துக் காட்டுவதை நுண்மை என்றும் வழங்கலாம். மூன்றும் தொடக்கப்பள்ளி மாணவனும் அகராதி பாராமல் அறியக்கூடியவை. இதனினும் சிறந்தவை கிடைப்பின் அவற்றையே கொள்ளலாம். இக்கட்டுரையில் இனி இச்சொற்களையே ஆள்வோம்.

இவ்வேறுபாட்டின் பயனைக் காட்ட வெளிநாட்டு ஆய்வுக்கூடம் எதற்கும் போக வேண்டியதில்லை. மலாயாத் தமிழர் பல தலைமுறையாக நாள்தோறும் கண்ட கருவி ஒன்று உண்டு, அதுவே மெட்ரோலாக். பால்மரம் சீவி, மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து வாளியில் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்த பின், அப்பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று காண்பதற்கு மிதக்கவிட்ட கண்ணாடியோ உலோகமோ ஆன மானி அது. பல தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி அவ்வுலர்ந்த ரப்பரின் எடையைப் பொறுத்தே அமைந்தது. எனவே அம்மானியின் கழுத்தில் பால் எந்தக் கோட்டைத் தொட்டது என்பது வீட்டு அடுப்பைத் தொட்ட செய்தி.

அதன் வேலையை நோக்குவோம். ரப்பரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.91 கிராம், ரப்பர் நீங்கிய நீர்ப்பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.02. ஆகவே ரப்பர் மிகுந்த பால் அடர்த்தி குறைந்தது. அதில் மானி ஆழ அமிழும். (மாட்டுப்பாலைச் சோதிக்கும் பால்மானியோ நீர் கலந்தால் அமிழும். இரண்டையும் 'பால்' என்றே வழங்கும் நம் நாட்டில் இவ்வெதிர்மறை வகுப்பறைக்கு நல்ல விருந்து.) புதுப்பால் குழகுழப்பாக இருப்பதால் மானி அதில் இயல்பாக நின்று ஓயாது. ஆதலின் ஒரு பங்கு பாலுக்கு இரு பங்கு நீர் கலந்து அளந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குவர். பெருக்கும்போது பிழையும் உடன் பெருகும் என்பதை மறத்தலாகாது; லிட்டருக்கு 5 கிராம் தவறாகப் படித்தால் கணக்கேட்டில் ஏறுவது 15 கிராம். பழைய மானிகள் கேலனுக்கு இத்தனை இராத்தல் என்று காட்டின. பின்னர் லிட்டருக்கு இத்தனை கிராம் என்றாயின. கேலனுக்கு ஓர் இராத்தல் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 99.8 கிராம். ஆதலால், கணக்கு வழக்கில் அம்மாற்றம் அதிகத் தொல்லை தந்திராது.

மேற்கூறிய இரு அடர்த்திகளைக் கொண்டு கணக்கிட்டால், நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் உள்ள பாலுக்கும் 35 பங்கு உள்ள பாலுக்கும் அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ 0.0055 மட்டுமே. ஒரு பங்குக்கு 0.0011 ஆகிறது. இருமடங்கு நீர் கலந்த பின் அது மூன்றில் ஒன்றாகி 0.0004-க்கும் கீழே சென்றுவிடும். இனி வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுக் காலை வெப்பநிலையில், நீர் ஒரு பாகை செல்சியசு சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.0003 குறைகிறது. அஃதாவது, கலவை ஒரு பாகை சூடாக இருந்தாலே மானி ரப்பரை நூற்றுக்கு முக்கால் பங்கு அளவுக்கு மிகுத்துக் காட்டும். ஒரு பாகை குளிர்ந்திருந்தால் அவ்வளவு குறைத்துக் காட்டும். 30 கிலோகிராம் பால் கொண்டுவந்த ஒருவருக்கு அம்முக்கால் பங்கு 225 கிராம் ரப்பர். குளிர்ந்த கிணற்று நீரைக் கலந்து மாதத்தில் 25 நாள் இவ்வாறே அளந்தால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எவரும் திருடவில்லை, மானியும் உடையவில்லை.

நிறுவையைப் பற்றியும் மானியைப் பற்றியும் தோட்டங்களில் எழுந்த மனத்தாங்கல்கள் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். 'பாலில் தண்ணீர் கலந்துவிட்டான்' என்பது ஒரு பக்கம். 'கிராணி குறைத்து எழுதிவிட்டார்' என்பது மறுபக்கம். இரண்டும் சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒன்று, மானியின் பிழை என்பது, அவ்வழக்கில் தோன்றவே இல்லை. அதனைச் சொல்ல இருசாராரிடமும் சொல் இல்லை. கருவி 'துல்லியமானது' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், எண் தவறும்போது ஆளின் நாணயத்தைத்தான் ஐயுற வேண்டியிருக்கிறது.

வெப்பத்தோடு பிழை முடியவில்லை. நுரைக்குமிழி மானியில் ஒட்டினால் அது மேலெழுந்து குறைத்துக் காட்டும். முன்னாள் அளந்த பால் உறைந்து படலமாக ஒட்டியிருந்தாலோ பிழை எப்பக்கம் சாயும் என்றே சொல்வதற்கில்லை; நீருக்குள் இருக்கும் படலம் மானியைத் தூக்கும், நீருக்கு மேல் கழுத்தில் இருக்கும் படலம் அமிழ்த்தும். இவை மாறாமையைக் கெடுப்பவை. மானியைக் கழுவித் துடைத்துப் பொறுமையாகப் பார்த்தால் நீங்கும். மெய்ம்மையைக் கெடுப்பது வேறு. மரத்தின் இனமும் இலையுதிர் காலமும் பாலின் நீர்ப்பகுதியில் கரைந்துள்ள பொருள்களை மாற்றும். மானியோ அவை என்றும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பிக் கோடு கிழிக்கப்பட்டது. எத்துணைக் கவனமாகப் பத்து முறை அளந்தாலும் அந்தப் பிழை பத்து முறையும் அப்படியே வரும். அப்போது அளப்பவர், 'பத்து முறையும் ஒன்றே வந்தது. ஆதலின் சரி' என்று மனநிறைவு அடைவார். மாறாமையை மெய்ம்மை என்று மயங்குவது இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் வேறு முறை உண்டு. சிறிதளவு பாலை நிறுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் உறையவைத்து, மெல்லிய தாளாக அழுத்திக் கழுவி, 70 பாகை செல்சியசு வெப்பத்தில் நன்கு உலரும் வரை வைத்து மீண்டும் நிறுப்பர். ரப்பரையே கையில் எடுத்து நிறுப்பதால் மெய்ம்மை மிகுதி. ஆனால் பல மணி நேரம் ஆகும். அப்படியானால் மெட்ரோலாக் தீய கருவியா? அன்று. பாலைத் தாளாக உறையவைக்கும் முன் தொட்டியில் நீர் கலந்து நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு ரப்பர் என்னும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பால் தானாக உறைவதற்குள் நீரும் அமிலமும் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு மெட்ரோலாக்கே பொருத்தம். ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் தாள் கெட்டுவிடாது. அதே கருவியை ஒருவர் கூலியைத் தீர்மானிக்கும் நடுவராக உட்காரவைத்தபோதுதான் அது தன் தகுதிக்கு மேற்பட்ட வேலையை ஏற்றது. கருவி நல்லதா என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. எந்த வேலைக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும். தேர்வு பற்றிய நம் கட்டுரைகளில் காணாமற் போவது இந்தப் பாதிதான். விலை, நிறுவனத்தின் பெயர், எண்முகப்பின் பளபளப்பு ஆகியவை பற்றியெல்லாம் எழுதுகிறோம்; எவ்வளவு பிழையை அவ்வேலை பொறுக்கும் என்பதை எழுதுவதில்லை.

ஈண்டுத் தமிழாசிரியர்களுக்கு உவப்பான ஒரு செய்தி உண்டு. இலக்கணத்தில் அளவையாகுபெயர் கற்பிக்கும்போது எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்கைக் கூறுகிறோம். மெட்ரோலாக் இந்நான்கில் எதனுள் அடங்கும்? அது ரப்பரை எண்ணவில்லை, எடுக்கவில்லை, முகக்கவில்லை. தான் அமிழும் ஆழத்தைக் காட்டுகிறது. ரப்பரை நாம் கருதிக்கொள்கிறோம். ஆனால் 'அளவை' என்ற சொல்லுக்கே நம் தருக்க நூலார் இன்னொரு பொருள் வைத்துள்ளனர். அறிவை அடையும் வழிக்கும் அளவை என்றே பெயர். மணிமேகலை 27-ஆம் காதையில் அளவைவாதியின் உரை முழுதும் இதைப் பற்றியதே. காண்டலளவை, கருதலளவை, உரையளவை என்பவற்றுள் மெட்ரோலாக் கருதலளவை. புகை கண்டு நெருப்பை உணர்வது போன்றது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு பிழைத்தால் முடிவும் பிழைக்கும். அடர்த்திக்கும் ரப்பருக்கும் உள்ள உறவும் அவ்வாறே. நம் பள்ளி அறிவியலில் அளவெடுத்தலும் ஊகித்தலும் தனித்தனித் திறன்களாகக் கற்பிக்கப்படுகின்றன. வெப்பமானி முதல் மின்னோட்டமானி வரை பெரும்பாலான கருவிகளில் இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்தே உள்ளன என்பதை வகுப்பில் ஒரு முறையேனும் சொல்லிவிடுவது நலம்.

தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வருவோம். பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972-இல் ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் வந்தது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் ஏஜிலென்ட் என்றும் 2014-இல் கீசைட் என்றும் பெயர் பெற்று, இன்றும் அத்தீவில் இயங்குகிறது. அளவைக் கருவிகளை வாங்கும் நாடாக மட்டுமன்றிச் செய்யும் நாடாகவும் மலேசியா உள்ளபோது, அவற்றைப் பற்றிய நம் தமிழ் பின்தங்கி நிற்பது வருந்தத்தக்கது.

கைக்கடக்கமான மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கையேட்டில், 'படித்த அளவில் நூற்றுக்கு அரை, அதனோடு கடைசி இலக்கத்தில் இரண்டு' என்று பிழை வரம்பு குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முகப்பில் 230.4 வோல்ட் என்று தெரிகிறது. நூற்றுக்கு அரை என்பது 1.15, கடைசி இலக்கத்தில் இரண்டு என்பது 0.2. ஆக, உண்மை 229-க்கும் 231.8-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். புள்ளிக்குப் பின் ஒளிரும் நான்கு என்பது நுண்மையின் அணிகலன். மெய்ம்மை அதற்கு முன்பே நின்றுவிட்டது.

அழுத்தமானியில் பொறி வேறு வகை. 1849-இல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற வளைகுழாய் மானியே இன்றும் கொதிகலன்களில் காணப்படுகிறது. அதன் முகத்தில் 1.6 என்று தர எண் இருந்தால், அது முழு அளவில் நூற்றுக்கு 1.6. முழு அளவு 10 பார் என்றால் 0.16 பார் பிழை முகமெங்கும் பொறுக்கப்படும். 7 பார் அளக்கும்போது அது சிறிது. 1 பார் அளக்கும்போது நூற்றுக்கு 16. 'பெரிதாக வாங்கி வைத்தால் எதற்கும் ஆகும்' என்று நினைத்து 25 பார் மானியை வாங்குபவர், விலை கொடுத்துப் பிழையை வாங்குகிறார். மிகச் சிறிதாக வாங்கினாலோ குழாய் தளர்ந்துபோகும். மாறாத அழுத்தமாயின், வேலை அழுத்தம் முழு அளவில் முக்காலைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வது வழக்கம். மல்டிமீட்டரின் பிழை, பெரும்பகுதி, படித்த எண்ணோடு வளர்வது. அழுத்தமானியின் பிழை முகத்தின் அகலத்தோடு வளர்வது. கடைக்காரர் இரண்டையும் 'துல்லியம்' என்றே சொல்லி விற்பார்.

வேலைக்கும் கருவிக்கும் உள்ள விகிதம் பற்றித் தொழிலாளரிடையே பழைய விதி ஒன்று உண்டு. பொருளில் பொறுக்கக்கூடிய வேறுபாடு எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு பிழைக்குள் அளக்கும் கருவி வேண்டும் என்பது அது. இக்காலத்தில் நான்கில் ஒன்றே போதும் எனப் பலரும் கொள்கின்றனர். 0.1 மில்லிமீட்டர் வேறுபாடு பொறுக்கும் தண்டுக்கு 0.001 காட்டும் கருவி வாங்குவது வீண் செலவு. இதனைக் கூறாத கட்டுரை கருவித் தேர்வைப் பற்றியது ஆகாது.

நிற்க. இன்னொரு கலைச்சொல்லையும் ஆராய வேண்டும். கேலிபரேஷன் என்பதைச் சிலர் 'அளவுத்திருத்தம்' என்று வழங்குகின்றனர். இது பெருமயக்கம் தருவது. அச்செயலில் எதுவும் திருத்தப்படுவதில்லை. கருவி காட்டும் அளவை, ஐயமற்ற படியளவோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகிறது என்று எழுதித் தருவதே அது. திருகை முடுக்கிக் கருவியைச் சரிசெய்வது வேறு வேலை; பன்னாட்டு அளவையியல் சொற்றொகுதியும் இரண்டையும் குழப்பலாகாது என்றே கூறுகிறது. நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை உவமை கூறுமிடத்து, கோல் முன்னே தான் சமனுற்று நின்று பின்னரே பாரத்தை வரையறுக்கும் என்னும் முறையைப் பரிமேலழகர் எடுத்துக்காட்டுவார். அது சுழிப்பிழையை நீக்குதல்; அளக்கும்முன் ஒவ்வொரு முறையும் நாமே செய்வது. கேலிபரேஷன் அதற்கும் அப்பாற்பட்டது. நம் நாட்டில் சிப்பாங்கிலுள்ள தேசிய அளவையியல் கழகம் போன்ற இடங்களில் காக்கப்படும் படியளவுகளோடு, படிப்படியாக ஒப்பிட்டு வந்த தொடர் அது. தருக்க நூலார் சொல்லில் கூறினால் உரையளவை.

ஆகவே 'ஒப்பளவீடு' என்பது அதற்கு ஏற்ற பெயர் எனலாம். பெயர் மாறினால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வெப்பமானியைக் காட்டுவோம். 30 பாகையில் அது 30.4 காட்டுகிறது என்று சான்றிதழ் கூறுகிறது. 'திருத்தம்' என்ற சொல்லை நம்பியவர், மானி திருந்தி வந்துவிட்டது என்று எண்ணிச் சான்றிதழைக் கோப்பில் இட்டுவிட்டு வெப்பமானியை மட்டும் பால் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். அங்கே அந்த 0.4 பாகையைக் கழிப்பார் எவருமில்லை. மேலே கண்ட கணக்கின்படி, அது ஒவ்வொரு வாளிப் பாலிலும் நூற்றுக்கு 0.3 பங்கு ரப்பர்.